அடித்து ஆடும் போகிமான் டீம் கவிழும்போது: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

ஹைப்பர் ஆஃபென்ஸ், அதாவது தாங்கி நிற்காமல் அடித்தே ஜெயிக்கப் பார்க்கும் டீமைச் சரிசெய்து தரச் சொல்லி வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதில் எந்தப் போகிமானை மாற்றட்டும்?" பல நேரம் எதையும் மாற்ற வேண்டியிருக்காது. தோல்வி கண்ணில் படுவது பதினைந்தாவது டர்னில் என்றால் பிழை நடந்தது நான்காவது டர்னில் இருக்கும். இந்த வகை டீமில் பலத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் டர்னுக்குத்தான். கீழே வரும் எல்லாச் சோதனைகளும் "அந்த டர்ன் எங்கே போனது?" என்பதைத் தேடுபவைதான்.

இங்கே சொல்வதெல்லாம் ஒன்பதாம் தலைமுறை, அதாவது ஸ்கார்லெட், வயலெட் காலத்து விதிகள். 6-க்கு 6 ஒற்றையர் ஆட்டம், லெவல் 100. இரட்டையர் ஆட்டத்தின் கணக்கு வேறு. எது அனுமதி, எது தடை என்பதை உங்கள் ஃபார்மட்டின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள், அது அடிக்கடி மாறும்.

தொடங்கும் முன் தோற்ற ஆட்டங்களின் ரீப்ளே சிலவற்றையும் டேமேஜ் கால்குலேட்டரையும் திறந்து வையுங்கள். ஜெயித்த ரீப்ளே இதற்கு உதவாது. ஒவ்வொரு அறிகுறியிலும் மலிவான தீர்விலிருந்து போவோம். ஆடும் விதத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஈ.வி. (எந்த எண்ணைக் கூட்டுவது என்று பிரித்துத் தரும் புள்ளிகள்), நேச்சர் (ஒரு எண்ணைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம்), ஐட்டம் (கையில் கொடுக்கும் பொருள்) அடுத்தது. மூவும் டெரா வகையும் (ஆட்டத்தில் ஒரு முறை ஒரு போகிமான் மாறிக்கொள்ளும் வகை) அதற்கு அடுத்தது. ஒரு போகிமானையே தூக்குவது விலை கூடிய வேலை, ஏனென்றால் ஒன்றை எடுத்தால் மற்ற ஐந்தின் கணக்கும் குலைந்துவிடும்.

## அறிகுறி 1: லீட் விழுந்துவிட்டது, எதிராளி பக்கம் தரை காலியாகவே இருக்கிறது

லீட் என்பது முதலில் இறங்கும் போகிமான். அது எதிராளி பக்கத் தரையில் போட வேண்டிய ஹசார்டுகள், அதாவது உள்ளே வருபவரை வலிக்கச் செய்யும் ஸ்டெல்த் ராக், ஸ்பைக்ஸ், விழவே இல்லையா, விழுந்த பிறகு துடைத்தார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

### விழவே இல்லை என்றால்

டீம் ப்ரீவியூவில் (ஆட்டத்துக்கு முன் இரு டீமையும் காட்டும் திரையில்) ஹேட்டரீன் நிற்கிறதா? அதன் மேஜிக் பவுன்ஸ் உங்கள் கல்லை உங்கள் பக்கமே திருப்பிப் போடும். இதற்கு டீமை மாற்ற வேண்டாம். அது களத்தில் இருக்கும்போதும், இந்த டர்னில் உள்ளே வரும் என்று தோன்றும்போதும் ஸ்டெல்த் ராக்கை அழுத்தாமல் அடித்தால் போதும். வருகிற ஹேட்டரீனுக்கு ஒரு நல்ல அடி விழுந்தால் அடுத்த முறை அது அவ்வளவு தைரியமாக வராது.

டான்ட் (தாக்காத மூவ்களைத் தடுக்கும் மூவ்) வாங்கி லீட் முடங்கியிருந்தால் மூவ் மட்டத்திலேயே தீர்வு உண்டு. ஹிசுயி சாமுராட்டின் சீஸ்லெஸ் எட்ஜ் அடித்துக்கொண்டே ஒரு அடுக்கு ஸ்பைக்ஸ் போடும். க்ளீவரின் ஸ்டோன் ஆக்ஸ் அதேபோல ஸ்டெல்த் ராக் போடும். இரண்டும் தாக்கும் மூவ் என்பதால் டான்ட் தடுக்காது, மேஜிக் பவுன்ஸும் திருப்பாது. விலை என்னவென்றால் இரண்டுக்கும் அக்யூரசி 90 தான். பத்தில் ஒரு முறை தவறும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் சாஷ் கட்டியும் ஒரே டர்னில் போய்விட்டதா? சாஷ் ஒரு அடியைத்தான் தாங்கும். ட்ராகபல்ட்டின் ட்ராகன் டார்ட்ஸ் போல இரண்டு முறை விழும் மூவுக்கு முன்னால் சாஷ் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். ப்ரீவியூவில் அப்படி ஒன்று தெரிந்தால் வேறு லீடோடு தொடங்குங்கள். எப்போதும் ஒரே லீட்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

### விழுந்தது, ஆனால் துடைத்துவிட்டார்கள் என்றால்

துடைப்பவர் எந்த டர்னில் உள்ளே வந்தார் என்று பாருங்கள். பல ரீப்ளேக்களில் கதை இப்படி இருக்கும்: லீட் ராக் போட்டுவிட்டது, ஸ்பைக்ஸும் போட்டுவிட்டது, பாதி உயிரோடு களத்தில் நின்று வலிக்காத ஒரு அடியை அடித்துக்கொண்டிருக்கிறது. எதிராளி அந்த டர்னில்தான் க்ரேட் டஸ்க்கை நிதானமாக உள்ளே கொண்டுவந்து ராப்பிட் ஸ்பின் போடுகிறார். லீட் பிழைத்திருப்பது இந்த வகை டீமுக்குப் பெருமையே இல்லை. வேலை முடிந்ததும் அது விழ வேண்டும், அடுத்து வருவது அடிவாங்காமல் உள்ளே வர வேண்டும். முடிந்தால் தன்னையே வீழ்த்திக்கொள்ளும் எக்ஸ்ப்ளோஷன், மெமென்டோ போன்ற ஒன்றை நான்காவது மூவாகக் கொடுங்கள்.

அதன் பிறகும் துடைக்கிறார்கள் என்றால் தடுப்பு தேவை. கோல்டெங்கோ இரும்பும் பேயும் கலந்த வகை, அதனால் ஸ்பின் அதன் மேல் படாது. அதன் குட் அஸ் கோல்ட் ஸ்டேட்டஸ் மூவ்களை (தாக்காத மூவ்களை) தள்ளிவிடுவதால் அது எதிரே நிற்கும்போது டீஃபாக் என்ற துடைக்கும் மூவும் தோற்கும். ஆனால் க்ரேட் டஸ்க் கையில் நில வகை அடியும் இருக்கும் என்பதை மறந்துவிட்டு கோல்டெங்கோவை நேராக உள்ளே தள்ளுபவர்கள் நிறையப் பேர். அடி வரும் டர்னில் நுழைந்தால் ஸ்பின்னும் தடுபடாது, கோல்டெங்கோவும் மிஞ்சாது. நில வகை அடி படாமல் காக்கும் ஏர் பலூன் கட்டினால் அது வெடிக்கும் வரை கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

ஸ்பின் போட்ட க்ரேட் டஸ்க்கின் வேகம் ஒரு படி கூடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு வேக ஈ.வி.யும் வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சரும் இருந்தால் 300 என்பது 450 ஆகிவிடும். துடைத்த கையோடு உங்கள் ஸ்வீப்பரையும் (பலத்தை ஏற்றிக்கொண்டு வரிசையாக வீழ்த்தும் போகிமானையும்) முந்தி அடிப்பது அதனால்தான்.

### தரையில் இருக்கிறது, யாருக்கும் வலிக்கவில்லை என்றால்

எதிராளி எல்லாருக்கும் ஹசார்ட் படாமல் காக்கும் ஹெவி ட்யூட்டி பூட்ஸ் மாட்டியிருக்கிறார். ஓரிரு ஆட்டத்தில் நடந்தால் விடுங்கள். தொடர்ந்து நடந்தால் ஐட்டத்தைத் தட்டிவிடும் நாக் ஆஃப் உள்ள ஒன்றை டீமில் சேர்க்கலாம். அதுவும் போதவில்லை என்றால் ஹசார்டை விட்டு ஸ்க்ரீன் (சில டர்ன் அடியைக் குறைக்கும் தடுப்பு) பக்கம் போவதுதான் வழி. அது விலை கூடியது: லீட் மாறும், அதை நம்பிய ஸ்வீப்பர்களின் ஐட்டமும் மாறும்.

## அறிகுறி 2: செட்டப் செய்ய டர்னே கிடைப்பதில்லை

செட்டப் என்பது ஸ்வீப்பர் தன் எண்களை ஏற்றிக்கொள்ளும் மூவைப் போடுவது. இங்கே ஒரே ஒரு சோதனை பாதிப் பிழையைக் காட்டிவிடும். உங்கள் ஸ்வீப்பர் ஒவ்வொரு முறையும் எப்படி உள்ளே வந்தது என்று எழுதுங்கள். தன் கூட்டாளி விழுந்த பிறகு வந்ததா, யு-டர்ன் அல்லது பார்ட்டிங் ஷாட் போன்ற, போட்டவர் வெளியேறிக் கூட்டாளியை உள்ளே விடும் மூவ் மூலம் வந்ததா, நேரடி ஸ்விட்ச்சில் வந்ததா? நேரடி ஸ்விட்ச் என்றால் உள்ளே வரும்போது ஒரு அடி, ட்ராகன் டான்ஸ் (அட்டாக்கையும் வேகத்தையும் ஏற்றும் மூவ்) போடும்போது இன்னொரு அடி. இரண்டு அடி தாங்கும் ஸ்வீப்பர் அபூர்வம். அதனால் முதல் தீர்வு ஆடும் விதத்தில்தான் இருக்கிறது: ஒன்றை விழவிட்டு அடுத்ததை உள்ளே கொண்டுவரப் பழகுங்கள். தற்காப்பு டீம் ஆடிப் பழகியவர்களுக்கு இது கை கூசும்.

அடுத்து, ஒவ்வொரு ஸ்வீப்பருக்கும் பக்கத்தில் அது யார் முன்னால் செட்டப் செய்யும் என்று இரண்டு பெயர் எழுதுங்கள். லேடரில் (தரவரிசை ஆட்டங்களில்) அடிக்கடி பார்க்கும் பெயர்களாக இருக்க வேண்டும். பெயரே வரவில்லை என்றால் அந்த ஸ்வீப்பர் காகிதத்தில் மட்டும்தான் பலசாலி. சாய்ஸ் ஐட்டம் மாட்டி ஒரே மூவில் பூட்டிக்கொண்டவரும், வலிக்காத அடி மட்டும் உள்ளவரும் நல்ல இலக்கு.

ஐட்டம் மட்டத்தில் பார்க்க வேண்டியது ட்ராகோனைட் போன்றவை. முழு எச்.பி.யில் மல்டிஸ்கேல் அடியைப் பாதியாக்கும். ஆனால் உங்கள் பக்கம் ஸ்டெல்த் ராக் இருந்தால் உள்ளே வரும்போதே 25% போய்விடும், மல்டிஸ்கேலும் போய்விடும். பூட்ஸ் இல்லாத மல்டிஸ்கேல் ட்ராகோனைட்டை நம்பி டீம் கட்டாதீர்கள். வோல்கரோனாவுக்கு இன்னும் மோசம், ராக் ஒரு நுழைவிலேயே 50% தின்றுவிடும்.

### ஸ்க்ரீன் போட்டும் தாங்கவில்லை என்றால்

டர்ன்களை விரல் விட்டு எண்ணுங்கள். ரிஃப்ளெக்ட் போட்ட டர்னையும் சேர்த்து ஐந்து டர்ன்தான் நிற்கும். முதல் டர்னில் ரிஃப்ளெக்ட், இரண்டாவதில் லைட் ஸ்க்ரீன், மூன்றாவதில் லீட் விழுகிறது, நான்காவதில் ஸ்வீப்பர் செட்டப் செய்கிறது, ஐந்தாவதில் ஒரு அடி அடிக்கிறது. அத்துடன் ரிஃப்ளெக்ட் முடிந்தது. லைட் க்ளே கட்டினால் எட்டு டர்ன், அதாவது அதே கதையில் நான்கு அடி. க்ரிம்ஸ்னார்ல் ஸ்க்ரீன் போட்டால் ஐட்டம் லைட் க்ளேதான், இதில் விவாதத்துக்கு இடமில்லை. அலோலா நைன்டேல்ஸின் அரோரா வெய்லுக்கும் இதே கணக்கு. அது பனி இருக்கும்போது மட்டும் போட முடியும், ஆனால் ஒரே மூவில் இரண்டு ஸ்க்ரீனின் வேலையும் முடிகிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் அடி முழுதாக விழுகிறதா? எதிரே இருப்பது இன்ஃபில்ட்ரேட்டர் ட்ராகபல்ட்டாக இருக்கலாம், அதற்கு ஸ்க்ரீன் ஒரு பொருட்டே இல்லை. க்ரிட்டிக்கல் அடிக்கும் அப்படித்தான். 24-ல் ஒரு முறை வருவதை மாற்ற முடியாது, அதைப் பிழை என்று குறித்துக்கொண்டு டீமைக் கலைக்காதீர்கள்.

### செட்டப் ஆனபின் மறுபடி மறுபடி செட்டப் செய்கிறீர்களா?

+2 (இரண்டு படி ஏற்றம், ஒரு ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் தருவது) போதும் என்ற இடத்தில் +4-க்கு ஆசைப்படுவது இந்த அறிகுறியின் இன்னொரு முகம். எதிராளி டீமில் மிச்சம் இருப்பவற்றை +2-வில் வீழ்த்த முடியுமா என்று கால்குலேட்டரில் பார்த்தால் பதில் வந்துவிடும். முடியும் என்றால் இரண்டாவது ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் எதிராளிக்கு நீங்கள் தரும் இலவச டர்ன். என்கோர் (அதே மூவையே திரும்பப் போட வைக்கும் மூவ்) உள்ள எதிராளி அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

## அறிகுறி 3: செட்டப் முடிந்தது, ஆனாலும் முந்திக்கொண்டு அடிக்கிறார்கள்

என்னிடம் வரும் டீம்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் ஒரு பைசா செலவில்லாமல் சரியாவதும் இதுதான்.

### எண்களை முதலில் பாருங்கள்

ட்ராகபல்ட்டின் உச்ச வேகம் 421. அட்டாக்கைக் கூட்டும் அடமன்ட் நேச்சரில் முழு வேக ஈ.வி. கொடுத்த ட்ராகோனைட்டுக்கு 259. ஒரு ட்ராகன் டான்ஸ் போட்டால் ஒன்றரை மடங்கு, 388. முந்த முடியாது. அதே ட்ராகோனைட் ஜாலி நேச்சரில் 284, ஒரு டான்ஸுக்குப் பிறகு 426. ஐந்து புள்ளியில் முந்துகிறது. "அடமன்ட்தான் பலம்" என்று கேட்டதை வைத்து நேச்சர் போடுபவர்கள் இந்த ஐந்து புள்ளியில்தான் ஆட்டத்தை விடுகிறார்கள். வேகத்தைப் பார்க்காமல் முந்திப் போகும் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடையே நம்பி ஆடும் செட்டுக்கு வேகம் அவ்வளவு தேவையில்லை, அங்கே அடமன்ட் சரிதான். உங்களுடையது எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

உங்கள் ஸ்வீப்பரின் +1 வேகத்தை ஒரு காகிதத்தில் எழுதி, அதற்கு மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வேகத்தைக் கூட்டும் சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டும் டிமிட் நேச்சர் கோல்டெங்கோவின் 293 ஸ்கார்ஃபுடன் 439 ஆகும், அது மேலே சொன்ன 426-ஐயும் தாண்டும். ஸ்கார்ஃப் யாரிடம் என்று தெரியும்வரை ஸ்வீப்பரை வெளியே கொண்டுவராமல் இருப்பதுதான் இதற்கான தீர்வு. ஈ.வி.யால் இதைத் தீர்க்க முடியாது.

### பூஸ்டர் எனர்ஜி வேறு எதையோ ஏற்றுகிறது என்றால்

ரோரிங் மூனில் இந்தப் பிழை அப்படியே பாடம் மாதிரி வரும். பூஸ்டர் எனர்ஜி என்ற ஐட்டம் உங்கள் ஆறு எண்களில் எச்.பி. தவிர மிக உயர்ந்ததைத்தான் ஏற்றும். வேகம் என்றால் 1.5 மடங்கு, மற்றவை என்றால் 1.3 மடங்கு. ஜாலி நேச்சரில் 252 அட்டாக், 252 வேகம் கொடுத்தால் ரோரிங் மூனின் அட்டாக் 377, வேகம் 370. ஏறுவது அட்டாக். வேகம் ஏறும் என்று நினைத்து அக்ரோபாட்டிக்ஸை அழுத்துவீர்கள், எதிராளி முந்திக்கொள்வார்.

தீர்வு: அட்டாக் ஈ.வி.யை 252-லிருந்து 220-க்கு இறக்குங்கள். அட்டாக் 369 ஆகும், வேகம் 370-தான். இப்போது ஏறுவது வேகம், எண் 555. எட்டு புள்ளி அட்டாக்கை விட்டுக்கொடுத்து ஆட்டத்தில் எல்லாரையும் கிட்டத்தட்ட முந்திவிடலாம். இரண்டும் சமமாக வந்தாலும் அட்டாக்தான் ஏறும், அதனால் 369-க்கு மேல் வேண்டாம். அயர்ன் வேலியன்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜாலி, டிமிட் இரண்டிலும் அதன் 364 வேகமே உயர்ந்த எண்ணாக இருக்கும். ஆனால் நேச்சரை மாற்றினால் மறுபடி கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. பூஸ்டர் எனர்ஜி ஒரு முறை மட்டும். அந்தப் போகிமானை வெளியே எடுத்தால் ஏற்றமும் போனது, ஐட்டமும் போனது.

### வேகம் சரி, ப்ரையாரிட்டிதான் கொல்கிறது என்றால்

ப்ரையாரிட்டி என்பது வேகத்தைப் பார்க்காமல் மூவ் முந்திப் போகும் வரிசை. கிங்காம்பிட்டின் சக்கர் பஞ்ச் என்றால் நீங்கள் தாக்கும் மூவை அழுத்தினால் மட்டும் அது வேலை செய்யும். செட்டப் மூவையோ சப்ஸ்டிட்யூட்டையோ (தனக்குப் பதில் அடிவாங்கும் பொம்மை) அழுத்தினால் தோற்கும். அதன் பி.பி. (எத்தனை முறை போடலாம் என்ற எண்) அதிகபட்சம் எட்டுதான். ஆனால் எப்போது அழுத்துவார் என்பது ஊகம், ஒவ்வொரு முறையும் ஊகத்தில் ஜெயிக்க முடியாது. உறுதியான வழி ஒன்று இருக்கிறது: எக்ஸ்ட்ரீம் ஸ்பீடின் ப்ரையாரிட்டி +2, சக்கர் பஞ்ச்சுக்கு +1. எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் முதலில் போகும், அதற்குப் பிறகு சக்கர் பஞ்ச் தோற்றுவிடும். கிங்காம்பிட் இரும்பு வகை என்பதால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடின் அடி பாதிதான் விழும். அதை ஏற்கெனவே அடித்து வைத்திருக்க வேண்டும்.

எதிராளியின் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடுக்குப் பேய் வகை ஒன்று உங்கள் டீமில் இருந்தால் போதும். டெராவைப் பேயாக வைப்பதும் ஒரு வழி.

### பாராலிஸிஸ், பர்ன் என்றால்

பாராலிஸிஸ் வேகத்தைப் பாதியாக்கும். முன்பு பார்த்த 426 ட்ராகோனைட் 213-க்கு வரும். ஜாலி கிங்காம்பிட்டின் வேகம் 218. கிங்காம்பிட்டே முந்தும் நிலை என்றால் அந்த ஸ்வீப் அத்துடன் முடிந்தது. பர்ன் என்றால் உடல் தாக்குதலின் அடி பாதி. லம் பெர்ரி மலிவான மருந்து. டான்ட் அடுத்தது. பாராலிஸிஸ் தரும் தண்டர் வேவ், தாக்காத மூவை முந்திப் போகவைக்கும் ப்ராங்ஸ்டர் மூலம் வருகிறது என்றால் இருள் வகையின் மேல் அது பலிக்காது என்பது நினைவிருக்கட்டும்.

## அறிகுறி 4: ஒரே ஒரு சுவர் மொத்த டீமையும் நிறுத்துகிறது

சுவரின் பெயர் என்ன? வைத்தியம் அதைப் பொறுத்தது.

டொண்டோசோ, க்ளாட்சைர், ஸ்கெலிடர்ஜ் என்றால் அது அன்அவேர். உங்கள் அட்டாக் ஏற்றங்களை அவை கணக்கில் எடுக்காது. வேக ஏற்றம் மட்டும் நிற்கும். ஆறு முறை ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் போட்டாலும் டொண்டோசோவுக்கு நீங்கள் முதல் டர்னில் அடித்த அதே ஆள்தான். இங்கே செட்டப்பை மறந்துவிட்டு, ஏற்றம் தேவைப்படாத அடி வேண்டும். டொண்டோசோவின் எச்.பி. அடிப்படை 150, டிஃபென்ஸ் 115. ஸ்பெஷல் டிஃபென்ஸ் 65 தான், கதவு அங்கேதான் திறந்திருக்கிறது. சாய்ஸ் ஸ்பெக்ஸ் கட்டிய ஸ்பெஷல் தாக்குபவர் ஒருவர், அல்லது மின்னல் வகை அடி உள்ள ஒருவர் இருந்தால் போதும். ஆறு பேருமே உடல் தாக்குபவர்கள் என்றால் பிழை டீமில்தான், அதை ஆடித் தீர்க்க முடியாது.

டாக்ஸாபெக்ஸின் ஹேஸ் (ஏற்றங்களை அழிக்கும்), டிங்-லூவின் விர்ல்விண்ட் (களத்திலிருந்து துரத்தும்) என்றால் அவை உள்ளே வந்து அந்த மூவை அழுத்த உயிரோடு இருக்க வேண்டும். டான்ட் உள்ள ஒருவர் முன்பே உள்ளே போய் அவற்றைப் பாதியாக்கி வைக்கலாம். கோல்டெங்கோவை விர்ல்விண்ட் அசைக்காது, என்கோரும் பிடிக்காது. நாஸ்டி ப்ளாட்டால் ஸ்பெஷல் அட்டாக்கை ஏற்றிக்கொள்ளும் கோல்டெங்கோ இத்தகைய டீம்களுக்கு எதிராக அவ்வளவு தொல்லை தருவது அதனால்தான்.

டிட்டோ உள்ளே வந்து உங்கள் ஏற்றத்தையே நகலெடுத்து உங்களை அடிக்கிறதா? எச்.பி. மட்டும் அதனுடையது, மற்றதெல்லாம் உங்களுடையது. சப்ஸ்டிட்யூட் பின்னால் நின்றால் அதனால் உருமாற முடியாது. இல்லாவிட்டால், அது பெரும்பாலும் ஸ்கார்ஃப் கட்டி ஒரே மூவில் பூட்டப்படும். அந்த மூவ் படாத வகை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எக்ஸ்ட்ரீம் ஸ்பீடில் பூட்டிக்கொண்ட டிட்டோ முன்னால் பேய் வகை ஒன்று வந்தால் இப்போது இலவச டர்ன் உங்களுக்கு.

சுவர் எதுவாக இருந்தாலும் ஒரு பழைய உத்தி வேலை செய்யும், அதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: ஒரே சுவரால் நிறுத்தப்படும் இரண்டு ஸ்வீப்பர்களை வேண்டுமென்றே டீமில் வையுங்கள். முதலாவது சுவரில் மோதி அதன் உயிரைக் கரைத்துவிட்டுப் போகும், இரண்டாவது நுழையும்போது சுவர் இருக்காது. "எல்லாருக்கும் வேறு வேறு பலவீனம் இருக்க வேண்டும்" என்று தற்காப்பு டீமுக்குச் சொல்லும் அறிவுரை இங்கே தலைகீழ். முதலாவதைக் காப்பாற்றப் பார்த்தால் உத்தி கெடும்.

இவ்வளவும் செய்த பிறகும் அதே சுவர் நிறுத்துகிறது என்றால் ஒரு இடத்தைக் காலி செய்து சுவரை உடைப்பவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இடம் என்று கேட்டால், கடைசி ஐந்தாறு ரீப்ளேக்களில் களத்துக்கே வராமல் பெஞ்சில் இருந்தது யார் என்று பாருங்கள்.

## அறிகுறி 5: நூலிழையில் பிழைத்துக்கொள்கிறார்கள்

கால்குலேட்டர் தரும் அடி ஒரு எண் அல்ல, பதினாறு எண்கள். அடி 85%-லிருந்து 100%-வரை ஏதோ ஒன்றாக விழும். உச்ச எண்ணை மட்டும் பார்த்து "விழுந்துவிடும்" என்று முடிவு செய்வதுதான் இந்த அறிகுறிக்கு முதல் காரணம். குறைந்த எண்ணைப் பாருங்கள்.

பிறகு ஹசார்டைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் குறைந்த அடி 80% என்று வைத்துக்கொள்வோம். நடுநிலை வகைக்கு ஸ்டெல்த் ராக் 12.5%, ஒரு அடுக்கு ஸ்பைக்ஸ் 12.5%. ஆக 105%. லெஃப்ட்ஓவர்ஸ் டர்னுக்கு 6.25% திருப்பித் தருவதை வைத்தால் மறுபடி சந்தேகம் வரும். இரண்டாவது அடுக்கில் ஸ்பைக்ஸ் 16.67%, மூன்றாவதில் 25%. பறப்பவைக்கும் லெவிட்டேட் உள்ளவைக்கும் ஸ்பைக்ஸ் படாது. ஹசார்ட் விழாமல் போன ஆட்டத்தில் ஸ்வீப்பரைக் குறை சொல்வதில் பயனில்லை, அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

அடுத்து அக்யூரசி. ஃபோகஸ் ப்ளாஸ்ட் 70%, இரண்டு முறை தொடர்ந்து பட வேண்டும் என்றால் 49%. ஹைட்ரோ பம்ப் இரண்டு முறைக்கு 64%. உங்கள் வெற்றி வழி அத்தகைய இரண்டு அடிகளின் மேல் நிற்கிறது என்றால் அதைத் துரதிருஷ்டம் என்று சொல்லாதீர்கள். பலம் குறைந்தாலும் 100% உள்ள மூவைப் போட்டு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள்.

கடைசியில்தான் ஐட்டம். லைஃப் ஆர்ப் 1.3 மடங்கு தரும், அடிக்கு 10% உயிரைக் கேட்கும். கடைசி ஆளாகக் கிங்காம்பிட்டை வைத்திருப்பவர்கள் இதைத் தேடவே வேண்டாம். சுப்ரீம் ஓவர்லார்ட் விழுந்த கூட்டாளி ஒருவருக்கு 10% வீதம் ஐந்து பேருக்கு 50% பலம் கூட்டும். அதை நடு ஆட்டத்தில் இறக்கிவிட்டு "அடி போதவில்லை" என்பவர்கள் டீமை அல்ல, வரிசையை மாற்ற வேண்டும்.

## அறிகுறி 6: ஜெயிக்கும் ஆட்டத்தில் எதிராளியின் ஒன்று செட்டப் செய்து ஆறையும் முடிக்கிறது

இந்த வகை டீமுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது, அது அமைப்பிலேயே உள்ள குறை. முழுதாக நீக்க முடியாது, குறைக்கலாம்.

டெரா எப்போது போனது என்று ரீப்ளேயில் பாருங்கள். நான்காவது டர்னில் ஒரு கூடுதல் அடிக்காகச் செலவழித்திருந்தால், எதிராளி பிறகு தன் டெராவுடன் வரும்போது உங்களிடம் பதில் இருக்காது. ஆட்டத்தை முடிக்கவோ, முடியப் போகும் ஆட்டத்தைக் காப்பாற்றவோ மட்டும் செலவழியுங்கள். இந்த ஒன்றே பலருக்குப் போதும்.

அதற்குப் பிறகு அவசர ப்ரேக்: ஸ்கார்ஃப் கட்டிய ஒன்று, அல்லது ப்ரையாரிட்டி உள்ள ஒன்று டீமில் கட்டாயம் இருக்கிறதா? இரண்டும் இல்லாத ஆறு பேர் டீம் எனக்குப் பயம் தரும். ஆறு பெயரையும் எழுதி, எந்த வகை அடி மூன்று பேருக்கு மேல் இரட்டிப்பாக விழுகிறது என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் முதலில் டெரா வகையை மாற்றிப் பாருங்கள், போகிமானை மாற்றுவது அதற்குப் பிறகு.

ஸ்டிக்கி வெப் (உள்ளே வருபவரின் வேகத்தைக் குறைக்கும் ஹசார்ட்) டீம் ஆடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எதிராளியின் கிங்காம்பிட்டுக்கு டிஃபையன்ட் (எதிராளி தன் எண்ணைக் குறைத்தால் அட்டாக்கை ஏற்றும் திறன்) இருந்தால், வெப்பில் கால் வைத்ததும் அதன் அட்டாக் இரண்டு படி ஏறும். அதை நீங்களே செட்டப் செய்து கொடுத்த மாதிரி.

## எப்போது மற்றவரிடம் காட்ட வேண்டும்

மூன்று நிலைகளில். ஒன்று, ஒவ்வொரு தோல்வியிலும் வேறு வேறு அறிகுறி வருகிறது, எதுவும் திரும்ப வரவில்லை. அப்போது பிழை பெரும்பாலும் டீமில் இல்லை, முடிவெடுப்பதில் இருக்கிறது. அது சொந்தக் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, ஆறில் மூன்று பேரை மாற்றியும் அதே அறிகுறி நிற்கிறது. இதற்கு மேல் ஒட்டுப் போடாதீர்கள், இப்போது கையில் இருப்பது பழைய டீமும் இல்லை, புதிய டீமும் இல்லை. எந்த ஸ்வீப்பருக்காக இதைத் தொடங்கினீர்களோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் புதிதாகத் தேடுங்கள், அல்லது அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். மூன்று, ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கு, உதாரணமாக முழுத் தற்காப்பு டீமுக்கு, எதிராக மட்டும் தொடர்ந்து தோற்கிறீர்கள். அந்தத் தற்காப்பு டீமையே ஆடுபவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். எந்தப் போகிமானைப் பார்த்தால் தனக்கு வயிறு கலங்கும் என்று அவர் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

காட்டும்போது வெறும் ஆறு பெயரை அனுப்பாதீர்கள். ஈ.வி., நேச்சர், ஐட்டம், டெரா வகை எல்லாம் உள்ள முழு எக்ஸ்போர்ட்டும், தோற்ற ரீப்ளே மூன்றும் வேண்டும். ஒவ்வொரு ரீப்ளேவுக்கும் பக்கத்தில் "இந்த டர்னில்தான் கை நழுவியது என்று நினைக்கிறேன்" என்று டர்ன் எண்ணை எழுதி அனுப்புங்கள். பார்ப்பவர் அதற்கு முந்தைய மூன்று டர்ன்களிலிருந்து தொடங்குவார்.